மீதி எவ்வளவு?

பள்ளிக் கணிதத்தில் எண்ணியலும் மெய்யெண்களும்: அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் பெரிய பொருளாக எடுத்துப் பேச வேண்டும் என்பது வழக்கம். நான் மிகச் சின்னப் பொருள் ஒன்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன். வகுத்தல் கணக்குப் போட்டு முடித்ததும் அடியில் ஓர் எண் நின்றுவிடுமே, அந்த மீதிதான் இன்றைய பொருள். ஈவைக் கேட்டால் மாணவர் உரக்கச் சொல்வார். மீதியைக் கேட்டால் குரல் இறங்கும். கணக்கு முழுதாகத் தீராததுபோல ஓர் உணர்வு.

ஒன்பதாம் வகுப்பில் மெய்யெண்கள் ஒரு பாடம். பத்தாம் வகுப்பில் எண்களும் தொடர்வரிசைகளும் ஒரு பாடம். யூக்ளிடின் வகுத்தல், மீப்பெரு பொது வகுத்தி, மட்டு எண்கணிதம், சுழல் தசமம், விகிதமுறா எண் என்று தலைப்புகள் தனித்தனியாக வருகின்றன. தனித்தனியாகவே படித்துத் தேர்வெழுதுகிறோம். என் கருத்தில் இவை ஐந்தும் ஒரே கேள்விக்குக் கிடைக்கும் ஐந்து பதில்கள். 'வகுத்தால் மீதி எவ்வளவு?' என்பதே அந்தக் கேள்வி. இதை நிறுவிக் காட்டிவிட்டு அமர்ந்துவிடுகிறேன்.

1. மீதிக்கு ஒரு கட்டுப்பாடு

அலெக்சாந்திரியாவில் கி.மு. 300-ஐ ஒட்டி வாழ்ந்த யூக்ளிடின் பெயரால் நாம் படிக்கும் வகுத்தல் துணைத் தேற்றம் சொல்வது இவ்வளவுதான்: எந்த முழுவையும் ஒரு மிகை முழுவால் வகுக்கலாம், அப்போது ஒரே ஒரு ஈவும் ஒரே ஒரு மீதியும் கிடைக்கும், மீதி பூச்சியமாகவோ அதைவிடப் பெரிதாகவோ இருக்கும், ஆனால் வகுத்தியைவிடச் சிறிதாகவே இருக்கும்.

இந்தக் கடைசி நிபந்தனையில்தான் தேற்றத்தின் உயிர் இருக்கிறது. −13-ஐ 5-ஆல் வகுத்தால் மீதி என்ன? வகுப்பில் பாதிப்பேர் −3 என்பார்கள். மீதி குறை எண்ணாக இருக்கக் கூடாது. எனவே ஈவு −3, மீதி 2. ஐந்தை மூன்று முறை கீழிறக்கி −15-க்குப் போய், அங்கிருந்து இரண்டு ஏறி −13-க்கு வருகிறோம். இந்தச் சிறு கணக்கை நினைவில் வைத்திருங்கள். உரையின் ஏழாம் பகுதியில் இது நமக்குத் தேவைப்படும்.

மீதிக்குக் கட்டுப்பாடு இருப்பதால் என்ன பயன்? முடிவில்லாத எண்கள் முடிவுள்ள சில வகைகளில் அடங்கிவிடுகின்றன. 4-ஆல் வகுத்தால் மீதி 0, 1, 2, 3 என்ற நான்கில் ஒன்றுதான். ஆகவே எல்லா எண்களையும் சோதிக்க வேண்டிய இடத்தில் நான்கை மட்டும் சோதித்தால் போதும்.

ஒரு கணக்கு. 11, 111, 1111, 11111 என்று ஒன்றுகளாகவே எழுதிக்கொண்டு போனால் எங்கேனும் ஒரு முழு வர்க்கம் வருமா? கோடி இலக்கம் வரை கணினியில் தேடினாலும் வராது. ஆனால் 'தேடினேன், கிடைக்கவில்லை' என்பது நிரூபணமாகாது. மீதியைப் பாருங்கள். இரட்டை எண்ணின் வர்க்கம் 4-ஆல் மீதியின்றி வகுபடும். ஒற்றை எண்ணின் வர்க்கத்துக்கு மீதி 1. வர்க்கத்துக்கு 2, 3 என்ற மீதிகள் வரவே வழியில்லை. நம் வரிசையில் உள்ள ஒவ்வோர் எண்ணும் 11 என்று முடிகிறது. 100 என்பது 4-ஆல் வகுபடுவதால் கடைசி இரண்டு இலக்கங்களைப் பார்த்தால் போதும். 11-க்கு மீதி 3. எனவே இந்த வரிசையில் ஒன்றுகூட வர்க்கமில்லை. முடிவில்லாத தேடலை மூன்று வரிகள் முடித்துவிட்டன.

இதே வழியில் இன்னொன்று. 2026 என்ற எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக எழுதலாம்: 45-இன் வர்க்கம் 2025, அதனோடு 1. அடுத்த எண்ணான 2027-ஐ அப்படி எழுத முடியுமா? இரண்டு வர்க்கங்களைக் கூட்டினால் 4-ஆல் வரும் மீதி 0, 1 அல்லது 2. 2027-க்கு மீதி 3. முடியாது. ஒரு வர்க்கத்தைக்கூடக் கணக்கிடாமல் முடியாது என்று சொல்லிவிட்டோம்.

ஒற்றை எண்ணின் வர்க்கத்தை 8-ஆல் வகுத்தாலும் மீதி 1-தான். காரணம் அழகானது. வர்க்கத்திலிருந்து 1-ஐக் கழித்தால், அந்த ஒற்றை எண்ணுக்கு முன்னும் பின்னும் உள்ள இரட்டை எண்களின் பெருக்கற்பலன் கிடைக்கிறது. அடுத்தடுத்த இரண்டு இரட்டை எண்களில் ஒன்று 4-ஆல் வகுபடும். மற்றது 2-ஆல் வகுபடும். பெருக்கற்பலன் 8-ஆல் வகுபட்டே தீரும்.

2. வகுபடும் தன்மையும் புத்தகத்தின் பின்னட்டையும்

இலக்கங்களைக் கூட்டி 9-ஆல் வகுபடுமா என்று பார்ப்பது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ஏன் என்று பத்தாம் வகுப்பிலும் பலருக்குத் தெரியாது. 10-ஐ 9-ஆல் வகுத்தால் மீதி 1. ஆகவே 100-க்கும் 1000-க்கும் மீதி 1-தான். 4725-ல் நாலாயிரத்தின் மீதி 4, எழுநூற்றின் மீதி 7. இலக்கங்களைக் கூட்டுகிறோம் என்று நினைக்கிறோம். உண்மையில் மீதிகளைத்தான் கூட்டிக்கொண்டிருக்கிறோம். 11-க்கு 10-இன் மீதி 10; அதிலிருந்து 11-ஐக் கழித்து, கணக்கின் வசதிக்காக −1 என்று கொள்ளலாம்; அதனால்தான் இலக்கங்களை மாற்றி மாற்றிக் கூட்டிக் கழிக்கிறோம். 7-க்குச் சுருக்குவழி இல்லை என்பார்கள். உண்டு. 1001 என்பது 7 × 11 × 13. ஆகவே கடைசியிலிருந்து மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்து மாற்றி மாற்றிக் கூட்டிக் கழித்தால், 7, 11, 13 மூன்றுக்கும் ஒரே சோதனையில் விடை கிடைக்கும்.

இது தேர்வோடு முடிகிற விஷயமல்ல. ஏதேனும் ஒரு தமிழ்ப் புத்தகத்தின் பின்னட்டையைத் திருப்புங்கள். 978 என்று தொடங்கும் 13 இலக்க எண் ஒன்று அச்சாகியிருக்கும். இந்திய நூலானால் அடுத்து 81 அல்லது 93 வரும். முதல் இலக்கத்தை 1-ஆல், அடுத்ததை 3-ஆல், அதற்கடுத்ததை மீண்டும் 1-ஆல் என்று பெருக்கி எல்லாவற்றையும் கூட்டுங்கள். கூடுதலை 10-ஆல் வகுத்தால் மீதி பூச்சியம். கடைசி இலக்கம் அதற்காகவே சேர்க்கப்பட்டது. எண்ணைத் தட்டச்சு செய்பவர் ஏதேனும் ஓர் இலக்கத்தைத் தவறாக அடித்தால் மீதி மாறிவிடும், கணினி ஏற்காது.

ஏன் 3-ஆல் பெருக்க வேண்டும், 2-ஆல் பெருக்கினால் ஆகாதா? ஆகாது. 2-ஆல் பெருக்கினால் 1-ஐ 6 என்று அடித்தாலும் வித்தியாசம் 10 ஆகி, மீதி மாறாமல் பிழை தப்பிவிடும். 3-உம் 10-உம் சார்பகா எண்கள். அதனால் தப்ப வழியில்லை. அடுத்தடுத்த இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி அடித்தால்? அவற்றின் வித்தியாசம் 5 ஆக இருந்தால் மட்டும் பிழை நழுவும், மற்றபடி பிடிபடும். 2006-ஆம் ஆண்டு முடியும் வரை வழக்கில் இருந்த 10 இலக்க எண்ணில் அந்த ஓட்டையும் இல்லை. அங்கே வகுத்தி 11, பகா எண். ஆனால் 11-ஆல் வகுத்தால் மீதி 10 வரை போகலாம் அல்லவா? அதற்காகவே சில பழைய புத்தகங்களில் கடைசி இடத்தில் பத்தைக் குறிக்கும் ரோமானியக் குறி நிற்கிறது. வீட்டில் பழைய புத்தகம் இருந்தால் தேடிப் பாருங்கள்.

3. மீதியை மீண்டும் வகுத்தால்

2491, 2209 இரண்டுக்கும் மீப்பெரு பொது வகுத்தி காண வேண்டும். பகாக் காரணிகளாகப் பிரிக்கப் பார்த்தால் 2, 3, 5, 7, 11 என்று ஒவ்வொன்றாக முயன்று 47 வரை போக வேண்டும். யூக்ளிட் காரணியைத் தேடுவதில்லை. பெரியதைச் சிறியதால் வகு. மீதியால் பழைய வகுத்தியை வகு. மீதி பூச்சியமாகும் வரை நிறுத்தாதே.

2491 = 1 × 2209 + 282
2209 = 7 × 282 + 235
282 = 1 × 235 + 47
235 = 5 × 47 + 0

விடை 47. இரண்டு எண்களையும் வகுக்கும் எதுவும் அவற்றின் மீதியையும் வகுத்தாக வேண்டும். அதனால்தான் பொது வகுத்தி படிப்படியாகக் கீழே இறங்கி வந்து கடைசியில் தனித்து நிற்கிறது.

இந்த வழிமுறை எவ்வளவு விரைவானது என்பதை 1844-இல் பிரெஞ்சுக் கணிதர் லாமே நிறுவினார்: சிறிய எண்ணின் இலக்க எண்ணிக்கையைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் படிகள் தேவைப்படாது. அறுநூறு இலக்க எண்கள் இரண்டானாலும் மூவாயிரம் படிகளுக்குள் முடிந்துவிடும். கணினிக்கு அது கண்ணிமைக்கும் நேரம். ஆனால் அறுநூறு இலக்க எண் ஒன்றைத் தந்து, அது இரண்டு பெரிய பகா எண்களின் பெருக்கற்பலன் என்றும் சொல்லி, அந்தப் பகா எண்களைக் கேட்டால் இன்றைய கணினிகளால் நடைமுறையில் முடியாது. 250 இலக்க எண் ஒன்றை 2020-இல்தான் பெருமுயற்சியோடு பிரித்தார்கள். மீ.பொ.வ. காண்பது எளிது, காரணிப்படுத்துவது கடினம் என்ற இந்த இடைவெளியில்தான் 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் அமைத்த மறைக்குறியீட்டு முறை நிற்கிறது. பத்தாம் வகுப்புப் பாடத்தில் மீ.பொ.வ. காண இரண்டு வழி உண்டு, எதை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று சொல்லிவிட்டு நகர்கிறோம். அந்த இரண்டு வழிகளுக்கும் இடையே இருப்பது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

4. மீதியிலிருந்து எண்ணுக்கு

இதுவரை எண்ணைத் தந்து மீதியைக் கேட்டோம். மீதிகளைத் தந்து எண்ணைக் கேட்டால்? 629-இல் முதலாம் பாஸ்கரர் ஆரியபடீயத்துக்கு எழுதிய உரையில் ஒரு கணக்கு வருகிறது: 8-ஆல் வகுத்தால் மீதி 5, 9-ஆல் வகுத்தால் மீதி 4, 7-ஆல் வகுத்தால் மீதி 1, எண் எது? விடை 85. சரிபார்த்துக்கொள்ளுங்கள். பின்னர் 'குட்டகம்' என்று பெயர் பெற்ற இதற்கான பொதுவழியை ஆரியபடர் 499-ஐ ஒட்டியே சொல்லிவிட்டார். வழி வேறொன்றுமில்லை, யூக்ளிடின் படிகளில் இறங்கிவிட்டு, வந்த ஈவுகளைக் கொண்டு திரும்ப மேலேறுவதுதான்.

ஆரியபடருக்கு இந்தக் கணக்கு எதற்கு? வானத்துக்காக. ஒவ்வொரு கோளுக்கும் ஒரு சுற்றுக் காலம். கடந்த நாள்களைச் சுற்றுக் காலத்தால் வகுத்தால், ஈவு முடிந்துபோன சுற்றுகள். அவற்றால் இன்று பயனில்லை. கோள் இன்று எங்கே நிற்கிறது என்று சொல்வது மீதி.

தமிழ்நாட்டு வாக்கியப் பஞ்சாங்கம் இந்த வழியிலேயே நடக்கிறது. நிலவு பூமிக்கு மிக அருகில் வரும் இடத்திலிருந்து புறப்பட்டு மீண்டும் அதே நிலைக்கு வர ஏறத்தாழ 27.5546 நாள் ஆகிறது. இது முழு எண்ணாக இல்லாததால் அட்டவணை போட முடியாது. ஆனால் ஒன்பது சுற்றுக்கு 247.99 நாள், கிட்டத்தட்ட 248. எனவே 248 நாள்களுக்கு 248 வாக்கியங்கள். ஒவ்வொரு வாக்கியத்தின் எழுத்துகளிலும் அந்த நாளுக்குரிய நிலவின் நிலை எண்ணாகப் பொதிந்திருக்கும். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் 110 சுற்றுக்கு 3031 நாள். அதற்கும் மேலே 449 சுற்றுக்கு 12372 நாள். ஒரு தொடக்க நாளிலிருந்து இன்றுவரை கடந்த நாள்களை 12372-ஆல் வகுக்க வேண்டும்; மீதியை 3031-ஆல்; அந்த மீதியை 248-ஆல். கடைசியில் நிற்கும் மீதி எத்தனையோ, அத்தனையாவது வாக்கியம். ஈவுகளுக்கு உரிய சிறு திருத்தங்களைச் சேர்த்துக்கொண்டால் இன்றைய நிலவின் இடம் கிடைத்துவிடும்.

இந்த எண்களின் அமைப்பையும் கவனியுங்கள். இரண்டு சுற்றுக்கு ஏறத்தாழ 55 நாள். 12 × 248 + 55 = 3031. 4 × 3031 + 248 = 12372. நாம் 2491-க்கும் 2209-க்கும் எழுதிய அதே வடிவ வரிகள்தாம் இவை. கீழிருந்து மேலாக எழுதப்பட்டிருக்கின்றன, அவ்வளவே.

1825-இல் சென்னையில் அச்சான 'கால சங்கலிதம்' என்ற ஆங்கில நூலில், ஜான் வாரன் ஒரு காட்சியைப் பதிவுசெய்தார். புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிப்பவர் ஒருவர், சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாடமாக இருந்த வாக்கியங்களின் துணையோடு, அந்த ஆண்டின் ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் அவருக்கு வந்த பிழை நான்கு நிமிடம். முடியும் நேரத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். பிழையையும் சேர்த்தே சொல்கிறேன், நம் மரபை மிகைப்படுத்திப் பேசுவது அதற்குச் செய்யும் மரியாதை அல்ல. காகிதமும் கருவியும் இல்லாமல், மீதிகளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் இவ்வளவு தூரம் போயிருக்கிறார் என்பதே போதுமான பெருமை.

5. திரும்பி வரும் மீதி

இனி மெய்யெண்கள். 1-ஐ 7-ஆல் வகுத்தால் 0.142857142857... இந்தச் சுழற்சி எங்கிருந்து வருகிறது? மேலே ஈவை எழுதிக்கொண்டு போகையில் கீழே மீதிகளைப் பாருங்கள்: 3, 2, 6, 4, 5, 1. ஆறாவது படியில் மீண்டும் 1 வந்துவிட்டது. அதுதான் நாம் தொடங்கிய எண். இனி நடப்பதெல்லாம் ஏற்கெனவே நடந்ததன் மறுபதிப்பு. 7-ஆல் வகுக்கையில் பூச்சியமல்லாத மீதிகள் ஆறே ஆறுதான். ஆகவே ஆறு படிகளுக்குள் ஒரு மீதி திரும்பி வந்தே ஆக வேண்டும். எந்தப் பின்னமானாலும் இதே கதைதான்: மீதி பூச்சியமானால் முடிவுறு தசமம், ஏதேனும் ஒரு மீதி திரும்பி வந்தால் சுழல் தசமம், மூன்றாவது வழி இல்லை.

1/17-ஐக் கால்குலேட்டரில் போட்டால் 0.058823529 என்று நின்றுவிடும். சுழல்கிறதா இல்லையா என்று அந்தத் திரை சொல்லாது. அதன் சுழற்சி 16 இலக்க நீளம். காகிதத்தில் மீதிகளை எழுதினால் தெரிந்துவிடும். 1/13-க்குச் சுழற்சி 12 ஆக இல்லாமல் 6 ஆக இருப்பது ஏன்? 1/13, 2/13 என்று 12/13 வரை எழுதிப் பாருங்கள். மீதிகள் இரண்டு அணிகளாகப் பிரிந்து, ஒவ்வோர் அணியும் தனித்தனியே சுற்றுவதைக் காண்பீர்கள்.

முடிவுறு தசமத்துக்கான நிபந்தனையில் மாணவர்கள் அடிக்கடி சறுக்கும் ஓரிடம் உண்டு. பகுதியில் 2, 5 தவிர வேறு பகாக் காரணி இருந்தால் முடிவுறாது என்று மனப்பாடம் செய்துவிட்டு, 6/15-ஐப் பார்த்ததும் பகுதியில் 3 இருக்கிறது, முடிவுறாது என்று எழுதுவார்கள். அது 2/5, அதாவது 0.4. முதலில் சுருக்க வேண்டும், பிறகுதான் காரணியைப் பார்க்க வேண்டும்.

0.999... என்பது 1-க்குச் சமமா என்ற சண்டை எல்லா வகுப்பிலும் நடக்கும். 1/3 = 0.333... என்பதை மூன்றால் பெருக்கிக் காட்டினாலும் மாணவர் முகம் தெளிவதில்லை. மீதியின் பக்கமிருந்து சொல்லிப் பாருங்கள். 1-ஐ 1-ஆல் வகுக்கிறோம். ஈவு 1 என்று எழுதாமல், பிடிவாதமாக 0 என்று எழுதினால் மீதி 1. பத்தாக்கி, ஒன்பது முறை எடுத்தால் மீதி மீண்டும் 1. மறுபடியும் பத்து, மறுபடியும் ஒன்பது, மறுபடியும் மீதி 1. ஈவு 0.999... என்று வளர்கிறது. நாம் செய்த ஒரே குறும்பு, மீதி வகுத்தியைவிடச் சிறிதாக இருக்க வேண்டும் என்ற யூக்ளிடின் நிபந்தனையை ஒவ்வொரு படியிலும் மீறியதுதான். 0.999... புதிய எண் எதுவுமில்லை; நிபந்தனையை மீறி எழுதிய 1.

6. தீராத மீதி

மீதி தீரவும் இல்லை, திரும்பவும் இல்லை என்றால்? அதற்குத்தான் விகிதமுறா எண் என்று பெயர். √2 விகிதமுறா எண் என்பதன் நிரூபணத்தைப் பாடநூலில் படித்திருப்பீர்கள். ஐந்து மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தவர்களும் இருப்பீர்கள். மீதியைக் கொண்டே அதைக் குறுகச் சொல்லலாம். எந்த வர்க்கத்தையும் 3-ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 1. √2 ஒரு சுருக்கிய பின்னமானால், தொகுதியின் வர்க்கம் பகுதியின் வர்க்கத்தைப் போல் இரு மடங்கு. பகுதி 3-ஆல் வகுபடாவிட்டால் அந்த இரு மடங்குக்கு மீதி 2. எந்த வர்க்கத்துக்கும் மீதி 2 வராது. எனவே பகுதி 3-ஆல் வகுபட வேண்டும். அப்போது தொகுதியும் வகுபடும். சுருக்கிய பின்னம் என்று சொன்னோமே! முரண்பாடு.

இதைக் கண்ணாலும் பார்க்கலாம். ஏ4 தாள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பாதியாக மடித்தாலும் நீள அகல விகிதம் மாறாத தாள் அது. அப்படி இருக்க வேண்டுமானால் அந்த விகிதம் √2 ஆக இருந்தே தீர வேண்டும். அதன் அகலத்துக்குச் சமமான ஒரு சதுரத்தை வெட்டி எடுங்கள். மிஞ்சும் துண்டிலிருந்து அதன் அகலத்தில் இரண்டு சதுரங்கள் வெட்டலாம். அதற்கப்பால் மிஞ்சும் துண்டு, முந்தைய துண்டின் அதே வடிவம், அளவில் சிறியது. அதிலும் இரண்டு சதுரம், மீண்டும் அதே வடிவத்தில் மிச்சம். வடிவம் மாறாததால் இது ஒருநாளும் முடியாது. சதுரம் வெட்டுவது யூக்ளிடின் வகுத்தலேதான். மிஞ்சும் துண்டே மீதி. நீளமும் அகலமும் முழு எண்களின் விகிதத்தில் இருந்திருந்தால் மீதி என்றாவது பூச்சியமாகியிருக்கும். ஆகவே √2 பின்னமல்ல. முடிவில்லாமல் போகும் வகுத்தல் பொது அளவில்லாமையைக் காட்டும் என்பதை யூக்ளிட் தம் நூலின் பத்தாம் பகுதியிலேயே எழுதிவைத்திருக்கிறார்.

'ஐயா, ஏ4 தாளின் அளவு 297 மில்லிமீட்டருக்கு 210 மில்லிமீட்டர், இரண்டும் முழு எண் ஆயிற்றே' என்று ஒரு மாணவி கேட்டால் அவரைப் பாராட்டுங்கள். செய்து பார்ப்போம்.

297 = 1 × 210 + 87
210 = 2 × 87 + 36
87 = 2 × 36 + 15
36 = 2 × 15 + 6
15 = 2 × 6 + 3
6 = 2 × 3 + 0

ஈவுகள் 1, 2, 2, 2, 2, 2. √2-இன் ஈவுகளும் 1, 2, 2, 2 என்றுதான் போகும், ஆனால் நிற்காது. தாள் செய்பவர் மில்லிமீட்டரில் நிறுத்தியாக வேண்டும். எனவே ஐந்து முறை 2 வந்ததும் மீதி தீர்ந்துவிடுகிறது. 297/210-ஐச் சுருக்கினால் 99/70. சுல்ப சூத்திரங்கள் √2-க்குத் தரும் மதிப்பு 577/408; அதற்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள், இன்னும் இரண்டு 2-கள் கூடுதலாக வந்த பிறகே மீதி தீரும். தோராய மதிப்பு என்பது மனம்போன போக்கில் எடுத்த எண் அன்று. முடிவில்லாத வகுத்தலை ஒரு படியில் நிறுத்திப் பெற்ற எண்.

பை-க்கு 22/7 என்று எழுதும்போதும் நாம் செய்வது இதுவே. 22/7 விகிதமுறு எண். பை விகிதமுறா எண் என்பதை 1761-இல் லாம்பர்ட் நிறுவினார். ஒன்பதாம் வகுப்பு விடைத்தாளில் இரண்டும் ஒன்றே என்று எழுதப்படுவது இன்னும் நிற்கவில்லை.

7. கும்பகோணத்துக்காரரின் மீதிகள்

மீதி என்ற பொருளில் இராமானுஜனைப் பேசாமல் முடிக்க முடியாது. 4 என்ற எண்ணை மிகை முழுக்களின் கூடுதலாக எத்தனை விதமாகப் பிரிக்கலாம்? 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. ஐந்து விதம். 9-ஐ 30 விதமாகப் பிரிக்கலாம். 14-ஐ 135 விதமாக. 19-ஐ 490 விதமாக. மேக்மஹோன் என்ற ஆங்கிலக் கணிதர் 200 வரை இந்த எண்ணிக்கைகளைக் கையால் கணக்கிட்டு அட்டவணை தயாரித்திருந்தார். அந்த அட்டவணையைப் பார்த்தவர்களில் இராமானுஜன் ஒருவர் மட்டும் கண்டது இது: 5-ஆல் வகுத்தால் மீதி 4 வரும் எண்ணை எடுத்தால், அதைப் பிரிக்கும் விதங்களின் எண்ணிக்கை எப்போதும் 5-ஆல் மீதியின்றி வகுபடும். 7-ஆல் மீதி 5 வந்தால் 7-ஆல் வகுபடும். 11-ஆல் மீதி 6 வந்தால் 11-ஆல் வகுபடும். 1919-இல் வெளியான கட்டுரையில் இவற்றை அறிவித்து, முதல் இரண்டுக்கு நிரூபணமும் தந்தார். கூட்டலைப் பற்றிய ஒரு கேள்வியில் வகுத்தல் எங்கிருந்து நுழைந்தது என்று கணித உலகம் வியந்தது.

ஐந்தாக வகுபடுகிறது சரி, எந்த ஐந்து பங்காக? 1944-இல், கேம்பிரிட்ஜில் படித்த ஃப்ரீமன் டைசன் என்ற இளைஞர் ஒரு வழி சொன்னார். ஒவ்வொரு பிரிப்பிலும் மிகப்பெரிய உறுப்பிலிருந்து உறுப்புகளின் எண்ணிக்கையைக் கழியுங்கள். 5-ஆல் வகுத்து மீதி காணுங்கள். 4-க்குச் செய்வோம். '4' என்ற பிரிப்பில் 4−1 = 3. '3+1'-இல் 3−2 = 1. '2+2'-இல் 0. '2+1+1'-இல் 2−3 = −1. '1+1+1+1'-இல் 1−4 = −3. குறை எண்ணுக்கு மீதி காண்பதை முதலிலேயே பார்த்துவிட்டோம்: −1-க்கு மீதி 4, −3-க்கு மீதி 2. ஆக மீதிகள் 3, 1, 0, 4, 2. ஐந்து மீதிகளும் தலைக்கு ஒன்று! 9-இன் முப்பது பிரிப்புகளையும் எழுதிப் பார்த்தால் ஒவ்வொரு மீதிக்கும் ஆறாறு வரும். டைசன் ஊகமாகச் சொன்ன இதை 1954-இல் ஆட்கினும் ஸ்வின்னர்டன்-டையரும் நிரூபித்தார்கள். பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் ஒரு பிற்பகலில் தம் நோட்டில் சரிபார்த்துவிடக் கூடிய உயர்கணிதம் இது.

8. மாணவர்க்கும் ஆசிரியர்க்கும்

மாணவர்களே, விடை சொல்லாமல் நான்கு கணக்குகளை உங்களிடம் விட்டுச் செல்கிறேன்.

ஒன்று: 7-ஐ 2026 முறை தன்னோடு தானே பெருக்கினால் கடைசி இலக்கம் என்ன?

இரண்டு: ஐந்து முழு எண்களை எப்படி எடுத்தாலும், அவற்றுள் மூன்றின் கூடுதல் 3-ஆல் வகுபடும். ஏன்?

மூன்று: எந்த ஆண்டானாலும் ஏதேனும் ஓர் ஆங்கில மாதத்தின் முதல் நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தே தீரும். நிறுவுக.

நான்கு: தசம விரிவில் சரியாக இரண்டு இலக்கங்கள் மட்டும் சுழலும் பின்னங்களின் பகுதி எவையாக இருக்க முடியும்?

இந்திய கணித ஒலிம்பியாட் பாடத்திட்டத்தில் நுண்கணிதம் கிடையாது. அங்கே கேட்கப்படும் எண்ணியல் கணக்குகளுக்கு அடிப்படை, நாம் இன்று பேசிய இதே கருவிகள்தாம். அவை உங்கள் பள்ளிப் பாடநூலிலேயே இருக்கின்றன. கருவி பற்றாமல் போவதில்லை, பழக்கம்தான் பற்றாமல் போகிறது.

ஆசிரியப் பெருமக்களே, தேர்ச்சி விழுக்காட்டின் நெருக்கடி எனக்குத் தெரியும். பாடத்திட்டத்தை மாற்றச் சொல்லவில்லை, கூடுதல் வகுப்பு எடுக்கவும் சொல்லவில்லை. வாரத்தில் ஒரு பாடவேளையின் கடைசிப் பத்து நிமிடத்தில், கைடில் விடை இல்லாத ஒரே ஒரு மீதிக் கணக்கைக் கரும்பலகையில் எழுதுங்கள். விடையை அடுத்த வாரம் வரை நீங்கள் சொல்லாதீர்கள். மாணவர் தவறாகச் சொன்னாலும் 'ஏன்?' என்று மட்டும் கேளுங்கள். எண்ணியல் அந்தக் காத்திருப்பில்தான் பிடிபடும்.